ஏகாம்பரம் சாருக்கு ஒரு ரிலீவர்

திங்கட்கிழமை வேலைக்குச் சேரப்போகும் உங்கள் நால்வருக்கும் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமையோடு நான் இந்த ஊரப்பாக்கம் இல்லத்தை விட்டுப் போகிறேன். எட்டு வருடம் இங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக இருந்தேன். மறதி நோய் வந்த பெரியவர்கள் குளிப்பது, சாப்பிடுவது, பொழுதைக் கழிப்பது எல்லாவற்றையும் முடிந்தவரை அவர்களே செய்துகொள்ள வழி பண்ணும் வேலை. என் மேசைமேல் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. நாற்பத்தொரு பக்கம். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, யார் மாத்திரையை நாக்கடியில் ஒளித்து வைப்பார், யார் தலையில் திடீரென்று தண்ணீர் ஊற்றக்கூடாது, எல்லாம் அகரவரிசையில் இருக்கிறது. அதை நீங்களே படித்துக்கொள்ளலாம். கோப்பில் ஏற மறுத்த ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தத் தாள்கள்.

நான் பட்டியல் போடுகிறவள். சேர்ந்த முதல் வாரத்திலேயே 'மகிழ்ச்சியான முதுமைக்குப் பதினான்கு செயல்பாடுகள்' என்று ஒரு அட்டவணை அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, வண்ணம் தீட்டுதல். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் அப்போது இருந்தார். அவரிடம் கிளிப்படம் ஒன்றையும் வண்ணப் பென்சில்களையும் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கிளி வெள்ளையாகவே இருந்தது. படத்தின் கீழே அழகான கையெழுத்தில், 'விவரங்கள் பூர்த்தி செய்யப்படவில்லை. விண்ணப்பதாரருக்கே திருப்பி அனுப்பவும்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். நான் பதிவேட்டில் 'பங்கேற்றார்' என்று எழுதினேன். இதிலிருந்தே ஏதாவது கற்றுக்கொண்டிருக்கலாம். கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு ஏகாம்பரம் சார் வரவேண்டியிருந்தது.

ஏகாம்பரம் சார் முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் லெவல் கிராசிங் கேட் கீப்பராக இருந்தவர். அவரை அழைத்து வந்தது மகள் உமா. ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட், பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. ஒரு நாள் காலை, தாழ் போடாத கதவு வழியாக அப்பா இறங்கிப் போயிருக்கிறார். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் நடுரோட்டில் நின்று, தோளில் கிடந்த சிவப்புத் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருக்கிறார்.

"எல்லாரும் நின்னுட்டாங்க மேடம். அதான் கொடுமை" என்றார் உமா. "பஸ்ஸு, ஸ்கூல் வேன், தண்ணி லாரி, ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கல. ட்ராஃபிக் போலீஸ்காரர் ஓடி வந்து, 'யாரு சார் வர்றாங்க? எனக்கு மெசேஜே வரலயே'ன்னு இவரையே கேட்டிருக்காரு."

"இவர் என்ன சொன்னாரு?"

"'வண்டி வருதுய்யா, தள்ளி நில்லு'ன்னு அவரையும் நிறுத்திட்டாரு."

நான் சிரித்தேன். உமாவும் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு மீதியைச் சொன்னார். அதன் பிறகு அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பள்ளிக்குப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் மாலை வீடு திரும்பியபோது, கதவைத் தட்டித் தட்டி அப்பாவின் வலது கை வீங்கியிருந்தது. "வேலைய விட்டா வீட்டு லோன் கட்ட முடியாது. விடலைன்னா அவரப் பூட்டி வெக்கணும். வேற எடத்துல எல்லாம் முடியாதுன்னுட்டாங்க மேடம். நீங்களும் சொல்லிடாதீங்க."

நாங்கள் முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க மறந்தோம். நம் இல்லத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இரண்டே தெரு.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தாம்பரம் பக்கமிருந்து மின்சார ரயில் வரும் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் சார் படுக்கையிலிருந்து எழுந்து, துண்டை எடுத்துக்கொண்டு, நேராக வாசல் கேட்டுக்குப் போய் அதை இழுத்துச் சாத்தினார். ரயில் போனதும் திறந்தார். அடுத்த ரயிலுக்கு மறுபடியும் சாத்தினார். நம் லைனில் காலை வேளையில் எத்தனை வண்டி போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் நாளே செக்யூரிட்டி அண்ணா என்னிடம் வந்தார். "மேடம், பால்காரர நிக்க வெச்சாரு, சரின்னு வுட்டேன். டாக்டர நிக்க வெச்சாரு, அதையும் வுட்டேன். இன்னிக்கு என்னையே நிக்க வெச்சுட்டாரு மேடம். டீ குடிக்கப் போய்ட்டு வந்தா, வண்டி போனாத்தான் உள்ள வுடுவாராம். யூனிபார்ம் போட்டுகினு தெருவுல நிக்கறேன் நானு."

"கஷ்டமா இருக்கா அண்ணா?"

"கஷ்டம் இல்ல மேடம். என்ன விட நல்லாப் பாக்கறாரு. அதான் பயமா கீது."

வேடிக்கை அதோடு தீர்ந்தது. காலை ஆறு மணிக்குப் போய் நின்றால், இருட்டிய பிறகு இரண்டு பேர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வரும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். சாப்பிட வரமாட்டார், குளிக்க வரமாட்டார், பாத்ரூமுக்குக்கூட வரமாட்டார். கால் இரண்டும் வீங்கின. நான்காம் நாள் வெயிலில் தலைசுற்றி கேட்டின் மேலேயே சாய்ந்துவிட்டார். நானும் செல்வி அக்காவும் தூக்கும்போது, "என்ன வுடு, கேட்டப் பாரு, கேட்டப் பாரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வி அக்கா நம் மூத்த பராமரிப்பாளர். எதற்கும் பதறாதவர். அன்று அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்து நான் செய்த தவறுகளைச் சொல்கிறேன். வரிசையாகத்தான் சொல்ல வரும் எனக்கு.

முதல் தவறு, உண்மையைச் சொன்னது. பக்கத்தில் போய், மெதுவாக, பாடப்புத்தகத்தில் சொன்ன மாதிரி அவர் கண்ணைப் பார்த்து, "சார், நீங்க ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு" என்றேன். அவர் என்னையே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ இத்தினி வருஷமா கேட்ல யாரும்மா?"

அன்று முழுவதும் அவர் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றார்.

இரண்டாவது, நாற்காலியும் குடையும் இட்லித் தட்டும் கேட்டுக்கே கொண்டு போனது. நாற்காலியைச் சுவரோரம் மடக்கி வைத்தார். குடையை, வெளியே காத்திருந்த கூரியர்காரரிடம் கொடுத்தார். "டூட்டில கேட்டுமேலேருந்து கண்ண எடுக்கக்கூடாது" என்று சொல்லி, இட்லியைத் தெரு நாய்க்குப் போட்டார். நாய்க்கு அந்த வாரம் நல்ல வாரம்.

மூன்றாவது தவறைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. ஒரு நாள் காலை அவர் அறையை வெளியே தாழிட்டு வைக்கலாம் என்று மேனேஜர் சார் சொன்னபோது நானும் கையெழுத்துப் போட்டேன். ஆறு மணி ரயில் வந்ததுமே அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. உமா சொன்ன அதே சத்தம். ஆறரை மணிக்குச் செல்வி அக்கா யாரையும் கேட்காமல் போய்த் தாழைத் திறந்துவிட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். என் எட்டு வருடத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் அப்படிப் பார்க்காமல் இருந்ததையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அன்று மதியம்தான், வேறு வழி தெரியாமல், அவரையே கேட்டேன். "எப்ப சார் உள்ள வருவீங்க?"

"ரிலீவர் வந்தா வருவேன்."

"வரலன்னா?"

"வரலன்னா இன்னா, நிக்கறதுதான். மாத்தறதுக்கு ஆளு வராம கேட்ட வுட்டுட்டுப் போறவன் மனுசனா?"

அடுத்த ஷிஃப்டுக்கு வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும் ஆள்தான் ரிலீவர். இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். உடனே பட்டியல் போட்டேன். காக்கிச் சட்டை, விசில், பச்சைத் துணி. நம் பிசியோதெரபிஸ்ட் கார்த்தி கல்லூரியில் நாடகத்தில் நடித்தவன். அவனுக்கு மாட்டிவிட்டு அனுப்பினேன்.

"வணக்கம் அண்ணே! நான்தான் ரிலீவர்!" என்று கார்த்தி சல்யூட் அடித்தான்.

ஏகாம்பரம் சார் அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "ஊது."

"என்னண்ணே?"

"வாயத் தொறந்து ஊது. குடிச்சுட்டு வந்தவன்கிட்ட நான் கேட்டக் குடுக்க முடியாது."

கார்த்தி ஊதினான். அதில் தேறினான். பிறகு கீழ் இமையை இழுத்து, தூங்கி எழுந்து வந்திருக்கிறானா என்று பார்த்தார். அதிலும் சுமாராகத் தேறினான்.

"கடைசியா எந்த வண்டி போச்சு?"

கார்த்தி என்னைப் பார்த்தான். நான் செடியைப் பார்த்தேன். "வந்துண்ணே... வண்டலூர் ஜூ போற வண்டி."

ஏகாம்பரம் சார் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, வருத்தம்தான். "இவன் கையில கேட்டக் குடுத்தா நாளைக்கு பேப்பர்ல என் பேரு வரும்மா. வேற ஆள அனுப்பச் சொல்லு."

சனிக்கிழமை மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. இல்லத்தில் முப்பது பேர் இருந்தார்கள், ஒருவருக்கு மூச்சுத் திணறி ஆம்புலன்ஸ் வந்தால் அது கேட்டுக்கு வெளியே நிற்குமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. "திங்கக்கெழம காலைல அவங்க பொண்ண வரச் சொல்லிட்டேன்மா. கூட்டிட்டுப் போகட்டும்." போனில் உமா, 'சரி சார், பை எடுத்துட்டு வர்றேன்' என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாக்கியம்மாவைத் தாம்பரத்தில் கண் மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போக ஆட்டோ வரச் சொல்லியிருந்தோம்.

பாக்கியம்மா கடலோரக் குப்பத்துக்காரர். அறக்கட்டளை உதவியில் இங்கே சேர்ந்தவர். பல வருடம் விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, கேளம்பாக்கம் வழியாக பஸ் பிடித்து, ஊரப்பாக்கம் பக்கம் ரயில்வே கேட்டைத் தாண்டித் தாண்டித் தெருத்தெருவாக விற்றவர். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நடுவே அவர் யாரோடும் ஒட்டவில்லை. கூடத்தின் மூலையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் திட்டுவார். என் கோப்பில் அவர் பக்கத்தில் எட்டு மாதமாக ஒரே வரிதான் இருந்தது. 'குழுச் செயல்பாடுகளில் பங்கேற்பு: இல்லை.'

செல்வி அக்கா அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தபோது, ஏகாம்பரம் சார் கேட்டைச் சாத்தினார். தூரத்தில் ரயில். வெளியே ஆட்டோ. பாக்கியம்மா நின்றார். அவர் முதுகு நிமிர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யோவ் கேட்டு! என்னைக் கண்டாலே போட்ருவியா நீ?"

"வண்டி வருதும்மா."

"எங்க வருது? வண்டி இன்னும் ஊட்டாண்ட பல்லு வெளக்கிகினு கீது, அதுக்குள்ள போட்டுட்டான் கேட்ட! கூடையில ஐஸு கரையுதுய்யா. மீனு நாறிப்போச்சுன்னா உன் பொண்டாட்டியா வாங்குவா?"

"கேட்ல நிக்கிற எல்லாருக்கும் அவசரந்தான். தண்டவாளத்துல கால வெச்சுப் பாரு, அப்புறம் அவசரமே இருக்காது."

"பேச்சப் பாரு! கொடி புடிச்சா கலெக்டரு!"

இந்த இடத்தில் கவனியுங்கள். வாசலில் நான் லேமினேட் செய்து ஒட்டிய அட்டை ஒன்று இருந்தது. 'இருவருக்குள் வாக்குவாதம் ஏற்பட்டால்: 1. உடனே இருவரையும் பிரிக்கவும்.' நான் அந்த அட்டைக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தேன். செல்வி அக்கா என்னைப் பார்த்தார், பிரிக்கட்டுமா என்று. பாக்கியம்மாவின் குரல் தெருமுனை வரை கேட்டது. ஆனால் ஏகாம்பரம் சாரின் கைகள் கேட்டைப் பிடித்திருக்கவில்லை. ஒரு கை இடுப்பில் இருந்தது, ஒரு கை பேசிக்கொண்டிருந்தது. வந்த நாள் முதல் அவரோடு இவ்வளவு நேரம் யாரும் பேசியதில்லை. நாங்கள் எல்லோரும் அவரைச் சமாதானம் மட்டுமே செய்துகொண்டிருந்தோம். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

ரயில் கடந்து போனது. ஏகாம்பரம் சார் கேட்டில் கை வைத்தார்.

"தொறக்காத!" என்றார் பாக்கியம்மா.

அவர் நின்றார்.

"இது செங்கல்பட்டு போறது. அந்தாண்டேருந்து ஒண்ணு வந்துகினு கீது. காதுல வுழல? இது போச்சேன்னு தொறந்தா அது வந்து அடிக்கும்."

நாங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அரை நிமிடம் கழித்து சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் போகும் வண்டி தடதடத்துக்கொண்டு போனது. ஏகாம்பரம் சார் அது முழுதாகப் போகும் வரை நின்றார். பிறகு பாக்கியம்மாவை, கார்த்தியைப் பார்த்த மாதிரியே, உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

பாக்கியம்மாவும் அவரைப் பார்த்தார். "மூஞ்சே சரியில்லையே. காலைலேந்து ஒண்ணும் துன்னலயா?"

"ரிலீவர் வரல."

"எவனும் சொன்ன நேரத்துக்கு வரமாட்டானுங்க. நீ போய்த் துன்னுட்டு வா. நான் குந்திகினு கீறேன்."

"ஊது."

"இன்னாது?"

"ஊதும்மா."

பாக்கியம்மா கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி, அதோடு சேர்த்தே அவர் முகத்தில் ஓங்கி ஊதினார். ஏகாம்பரம் சார் மூக்கைச் சுளிக்காமல் யோசித்தார். பிறகு சிவப்புத் துண்டை நான்காக மடித்து, பாக்கியம்மா கையில் வைத்தார். "கொடி ஒண்ணு. பூட்டு ஒண்ணு. செங்கல்பட்டு வண்டி போச்சு. பீச் வண்டி போச்சு. லைன் இப்போ காலி."

"செங்கல்பட்டும் போச்சு, பீச்சும் போச்சு, காலி" என்றார் பாக்கியம்மா, சுவரோரம் மடக்கி வைத்திருந்த நாற்காலியை விரித்துக்கொண்டே. "போய்யா, பேஜார் பண்ணாத."

ஏகாம்பரம் சார் உள்ளே வந்தார். தானாக நடந்து வந்து பாத்ரூமுக்குப் போனார். குளித்தார். ஆறு இட்லி சாப்பிட்டார். ஏழாவதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். படுத்தவர், மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினார். கண் முகாமுக்கு வந்த ஆட்டோ காலியாகத் திரும்பிப் போனது. முகாம் அடுத்த மாதமும் வரும்.

கார்த்தி என்னைக் கேட்டான், "என் நடிப்புல என்னக்கா குறை?" குறை நடிப்பில் இல்லை. ஆளை எடைபோடுவதுதான் ஏகாம்பரம் சாரின் முப்பது வருட வேலை. எத்தனையோ மறந்தும் அது அவரிடம் பழுதாகாமல் இருந்தது. பாக்கியம்மா நடிக்கவில்லை. பாதி வாழ்க்கையை மூடிய கேட்டுக்கு முன்னால் நின்றே கழித்து, எந்த வண்டிக்குப் பின் எந்த வண்டி என்று காதால் கற்றவர். பொறுப்பைக் கேட்டு வாங்கினார். நிஜமாகவே பார்த்துக்கொண்டார். நான் காக்கிச் சட்டை தேடிக்கொண்டிருந்த நாட்களில் அவர் கூடத்து மூலையில்தான் உட்கார்ந்திருந்தார். என் கோப்பில் 'பங்கேற்பு: இல்லை.'

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் சாரின் கார் வந்தது. கேட் சாத்தியிருந்தது. உள்ளே நாற்காலியில் பாக்கியம்மா.

"தொறங்கம்மா, நான் மேனேஜர்."

"யாரா இருந்தா இன்னா? இரு. வண்டி வருது."

மேனேஜர் சார் என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். அவருக்குப் பின்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உமா இறங்கினார். கையில் காலிப் பை, அப்பாவின் துணிகளை எடுத்துப் போக. ரயில் போகும் வரை இரண்டு பேரும் தெருவில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

உள்ளே வந்த உமா, சாப்பாட்டு மேசையில் அப்பாவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தலை சீவியிருந்தது. வேறு சட்டை. காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். மகளின் பெயர் அன்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "குந்தும்மா. அவசரம் இல்ல. ரிலீவர் வந்துட்டாங்க."

உமா உட்கார்ந்தார். என்னிடம், "என் ஸ்கூல் ஆண்டுவிழா ஒண்ணுக்குக்கூட இவர் வந்ததில்ல மேடம்" என்றார். "ஒவ்வொரு தடவையும் 'ரிலீவர் வரல'ன்னு சொல்வாரு. பொய் சொல்றாருன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அன்று உமா பள்ளிக்கு அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். அரைநாளும் அப்பாவோடு காபி குடித்தார்.

மேனேஜர் சாரின் ஆம்புலன்ஸ் கேள்வி அப்படியே இருந்தது. தோட்டத்துக்குள் பொய்யாக ஒரு கேட் வைத்து அவரை அங்கே நிறுத்தலாம் என்று சொன்னார். ஒரு வாரம் முன்பு என்றால் நானே அதற்குப் படம் வரைந்து கொடுத்திருப்பேன். அதற்குப் பதிலாக, பக்கத்துச் சந்துப் பக்கம் பூந்தொட்டிகள் அடைத்துக் கிடந்த பெரிய கேட்டைத் திறந்தோம். வண்டிகள் எல்லாம் இப்போது அந்த வழி. செக்யூரிட்டி அண்ணாவும் அங்கேதான். நடந்து வருகிறவர்களுக்கு முன்வாசல். அது ஏகாம்பரம் சாருடையதும் பாக்கியம்மாவுடையதும். ஒருவர் நின்றால் ஒருவர் சாப்பிடுவார். தினமும் ஒரு சண்டையாவது உண்டு. அதை இப்போது என் அட்டவணையில் காலை பத்து மணிக்குப் போட்டிருக்கிறேன். வாசலில் இருந்த லேமினேட் அட்டையைக் கழற்றி, பாக்கியம்மா விசிறிக்கொள்ளக் கொடுத்துவிட்டேன்.

இன்று அவர்களிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். வெள்ளிக்கிழமையோடு போகிறேன் என்றேன். பாக்கியம்மா, "போ, போ. போறவளுக்கு எதுக்கு இம்மாம் பெரிய மூஞ்சி" என்று என்னுடைய அட்டையால் விசிறிக்கொண்டார். ஏகாம்பரம் சார் மட்டும் கேட்டைச் சாத்திவிட்டார். ரயில் எதுவும் வரவில்லை.

"உனக்கு ரிலீவர் யாரும்மா?"

"நாலு பேர் சார். திங்கக்கெழம வர்றாங்க."

அவர் யோசித்தார். "என்னாண்ட அனுப்பு. பாத்துட்டுச் சொல்றேன்."

அதன் பிறகுதான் கேட் திறந்தது.

ஆகவே, திங்கட்கிழமை முன்வாசல் வழியாக வாருங்கள். அவர் ஊதச் சொல்வார். சிரிக்காமல் ஊதுங்கள். கண் இமையை இழுத்துப் பார்ப்பார், காட்டுங்கள். அடுத்தது அந்தக் கேள்வி. எனவே ஸ்டேஷனில் இறங்கி நடந்து வரும்போது போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கடைசியாக எந்தப் பக்கம் வண்டி போனது என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வாருங்கள். நீலக் கோப்பை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.